காப்புக்கட்டும் 36 மணி நேரமும்

தொற்றில்லாத ஒருவரை, தொற்று இருக்கலாம் என்ற ஐயத்துக்காக அறைக்குள் உட்கார வைக்கலாமா? வைக்கலாம் என்றால், அங்கே உட்கார்ந்து அவர் இழப்பதற்கு யார் பொறுப்பு? கொரோனா காலத்தில் இந்த இரண்டு கேள்விகளையும் நான் அதிகம் கேட்டது போடிநாயக்கனூரில் ஒரு கூடைப்பந்துத் தளத்தின் ஓரத்தில். அவற்றை எழுப்பியவர்கள் கல்லூரிப் பிள்ளைகள். அவர்கள் அறத்தைப் பற்றிப் பேசுவதாக நினைக்கவில்லை. சென்னை சூப்பர் கிங்ஸைப் பற்றிப் பேசுவதாகத்தான் நினைத்தார்கள்.

நான் உடற்கல்வி ஆசிரியை. கல்லூரி அணியில் கூடைப்பந்து ஆடியவள். எங்கள் பக்கத்தில் கூடைப்பந்துப் பைத்தியம் பிடித்தவர்களுக்கு மே மாதம் என்றால் பெரியகுளம்தான். சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்தியப் போட்டியில் இந்தியன் வங்கியும் கடற்படையும் மின்னொளியில் மோதுவதைப் பார்த்துவிட்டு, கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடிவருவோம். 2020 மே மாதம் அது இல்லை. சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவும் இல்லை. சட்டி எடுக்க நேர்ந்தவர்கள் நேர்த்திக்கடனை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைத்தார்கள். அந்த வருடமும் இல்லாமல் போனது. ஆட வழியில்லாத பிள்ளைகள் தளத்தின் மதிலில் இடைவெளி விட்டு உட்கார்ந்து, மார்ச்சில் தொடங்க வேண்டிய ஐபிஎல் துபாய்க்குப் போய் செப்டம்பரில் தொடங்கப்போவதைப் பற்றிப் பேசினார்கள்.

ஆகஸ்ட் கடைசியில் செய்தி வந்தது. துபாய் போய் இறங்கிய சென்னை அணியைச் சேர்ந்தவர்களில் 13 பேருக்குத் தொற்று. அவர்களில் தீபக் சாஹரும் ருதுராஜ் கெய்க்வாடும் ஆட்டக்காரர்கள். சுரேஷ் ரெய்னா ஊருக்குத் திரும்பினார். சில நாள் கழித்து ஹர்பஜன் சிங்கும் வரவில்லை என்று சொல்லிவிட்டார். இறங்கியதும் 6 நாள் அறையை விட்டு வெளியே வரக்கூடாது, 1, 3, 6ஆம் நாள்களில் பரிசோதனை என்பது எல்லா அணிக்கும் பொதுவான விதி. சென்னைக்கு மட்டும் அந்தத் தனிமை நீண்டது. மற்ற அணிகள் வலைப்பயிற்சிக்குப் போய்க்கொண்டிருக்க, நம் ஆட்கள் அறையில் இருந்தார்கள்.

மதிலில் இரண்டு கட்சி. "தொத்து இல்லாதவனையும் ஏன்க்கா அடைச்சு வைக்கணும்? நெகட்டிவ் வந்தவனை விட்டுட வேண்டியதுதான?" என்பது ஒரு கட்சி. "இன்னைக்கு நெகட்டிவ் வந்தவனுக்கு நாளைக்குப் பாசிட்டிவ் வராதா? வந்தா மத்தவன் கதி?" என்பது இன்னொன்று. அதோடு பலக் கணக்கும் சேர்ந்துகொண்டது. ரெய்னா இல்லாமல் மூன்றாவது இடத்தில் யார்? சாஹர் திரும்பி வந்தாலும் மூச்சு வாங்காமல் நான்கு ஓவர் போடுவாரா? விதியைத் திட்டிய வாயே அணியின் பலத்தை எடை போட்டது. இரண்டும் ஒரே பேச்சாகத்தான் ஓடின.

செப்டம்பர் நடுவில் வேறொரு செய்தி. இங்கிலாந்தில் ஒருநாள் தொடர் ஆடி முடித்த இங்கிலாந்து, ஆஸ்திரேலிய வீரர்களுக்கு மட்டும் அந்த 6 நாள் 36 மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. ஒரு பாதுகாப்பு வளையத்திலிருந்து இன்னொன்றுக்கு நேராக வருகிறார்கள் என்பது அதற்குச் சொன்ன காரணம். மருத்துவ ரீதியில் பார்த்தால் அது நியாயமான காரணம்தான். சாம் கரன் 17ஆம் தேதி வந்து இறங்கினார். 19ஆம் தேதி அபுதாபியில் மும்பைக்கு எதிரான முதல் ஆட்டத்தில் 6 பந்தில் 18 ரன் அடித்தார், சென்னை வென்றது. மறுநாள் மதிலில் யாருமே விதியைப் பற்றிப் பேசவில்லை. "6 நாள்னா எல்லாருக்கும் 6 நாள்தான்" என்று வாதாடிய பையன்தான் கரனின் சிக்ஸரைக் கையால் அடித்துக் காட்டினான்.

அந்தப் பையனிடம் கள்ளத்தனம் எதுவும் இல்லை. அன்புள்ள இடத்தில் நடுவுநிலை எவ்வளவு கடினம் என்பதுதான் அங்கே தெரிந்தது. அணியை நேசிக்கிறவன் விதியை அணியின் பக்கம் நின்றுதான் பார்ப்பான். நேசம் இல்லாதவனோ அந்த விதியைப் பற்றிக் கவலைப்படவே மாட்டான். அப்படியானால் விதியை அளக்கத் தகுதியானவர் யார்?

அடுத்த மார்ச்சில் அமெரிக்காவில் நடந்தது இதைவிடக் கூர்மையானது. கல்லூரிக் கூடைப்பந்தின் பெரிய போட்டிக்கு வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழக அணி வந்திருந்தது. 2021 மார்ச் 20 அன்று, ஓரிகன் அணியுடனான ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்பு, அணிக்குள் தொற்று இருக்கிறது என்று ஆட்டத்தை ரத்து செய்தார்கள். ஓரிகன் ஒரு பந்துகூடப் போடாமல் அடுத்த சுற்றுக்குப் போனது. நல்ல உடல்நிலையில் இருந்த பிள்ளைகளும் பையைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். ஒரு பருவம் முழுக்க ஓடிய ஓட்டம் ஹோட்டல் அறையில் முடிந்தது. எனக்கு அந்தப் பிள்ளைகளின் கால் வலி தெரியும். அந்த விதியைத் தப்பென்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்த இழப்பை யாரும் ஈடு செய்யவில்லை என்பதையும் மறக்க முடியவில்லை.

இந்தக் கேள்வியின் அடி ஆழத்தை எனக்குக் காட்டியது விளையாட்டு அல்ல, என் அம்மா.

அம்மா ஏலக்காட்டு வேலைக்குப் போகிறவர். விடிவதற்குள் போடியில் ஜீப் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி, போடிமெட்டு தாண்டி, கேரளத்தில் பூப்பாறைப் பக்கத்துத் தோட்டத்தில் இறங்குவார். ஏலச் செடியில் காய் மேலே தொங்காது. அடித்தூரிலிருந்து கிளம்பித் தரையில் படரும் சரத்தில் இருக்கும். நாள் முழுக்கக் குனிந்தும் குத்தவைத்தும் முற்றிய காயை மட்டும் விரலால் தேர்ந்து கிள்ள வேண்டும். பிஞ்சைத் தொட்டால் அடுத்த சுற்றுக்குக் காய் இருக்காது. விட்டுவைத்துப் பழுத்தால் வெடித்துவிடும். அம்மாவின் வலது கட்டைவிரல் நகம் எப்போதும் பச்சைக் கறையோடுதான் இருக்கும்.

2020 மார்ச் 25க்குப் பிறகு போடிமெட்டுச் சோதனைச்சாவடி அந்த ஜீப்புகளை நிறுத்தியது. பிறகு பாஸ் வந்தது: இந்தப் பக்கம் இ-பாஸ், அந்தப் பக்கம் ஜாக்ரதா இணையதளத்தில் பதிவு, போனால் 14 நாள் தனிமை. காலையில் போய் மாலையில் திரும்புகிற கூலிக்கு 14 நாள் தனிமை என்றால் வேலை இல்லை என்று அர்த்தம். வணிகத்துக்கோ வழக்குக்கோ குறுகிய பயணமாகப் போய்த் திரும்புகிறவர்களுக்கு விலக்கு இருந்தது. அதே சாலை, அதே கிருமி. ஒருவருக்கு 14 நாள், ஒருவருக்கு விலக்கு, கடல் தாண்டி ஒருவருக்கு 36 மணி நேரம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே காரணம் கேட்டால் காரணம் இருக்கும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், யாருடைய வரவுக்காக யார் காத்திருக்கிறார்களோ அந்த அளவுக்கு விதி இளகியிருந்தது. அம்மாவின் வரவுக்காகச் சரத்தில் காய் காத்திருந்தது. அதற்கு வாய் இல்லை.

இப்போது சாமியிடம் வருகிறேன்.

எங்கள் பக்கத்து ஊர்களில் மாரியம்மனுக்குச் சாமி சாட்டிக் காப்புக் கட்டிவிட்டால் ஊர் கட்டுப்பட்டது. கட்டியவர் எல்லை தாண்டி வெளியூரில் இரவு தங்க மாட்டார். வெளியூர்க் கல்யாணம், கடன் வசூல், பெண் பார்ப்பது எல்லாம் திருவிழா முடிந்த பிறகுதான். அம்மை போட்ட வீட்டுக்கும் அப்படி ஒரு கட்டு உண்டு. நிலைப்படியில் வேப்பிலை செருகிவிட்டால் வெளியாள் உள்ளே போகக்கூடாது, அந்த வீட்டுக்காரர் பிறர் வீட்டுக்குப் போகக்கூடாது. அந்த வீட்டில் தாளிக்க மாட்டார்கள். அம்மை ஒரு பிள்ளைக்குத்தான். கட்டு முழு வீட்டுக்கும். நோயில்லாதவரை ஏன் கட்ட வேண்டும் என்ற மதில் கேள்வி அங்கே எழுந்ததே இல்லை.

ஏன் எழவில்லை? பக்தி என்று சொல்லிவிடலாம், பயம் என்றும் சொல்லலாம். என் சிறு வயதில் நான் கண்ட வேறொன்றும் உண்டு. எங்கள் தெருவில் அம்மை கண்ட வீட்டு நிலைப்படியில் காலையில் ஒரு செம்பு மோர் இருக்கும். வெயில் ஏறும்போது சீவிய இளநீர் இருக்கும். யார் வைத்தார்கள் என்று உள்ளே இருப்பவர் கேட்க மாட்டார். வைத்தவர் குரல் கொடுத்துவிட்டுத் தள்ளி நிற்பார். அம்மை இறங்கித் தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றும் வரை இது நடக்கும். ஊருக்காக ஒரு வீடு உள்ளே இருந்தது. அந்த வீட்டுக்காக ஊர் வாசல் வரை வந்தது. அதனால்தான் உள்ளே இருந்தவர்கள் தங்களை அடைபட்டவர்களாக நினைக்கவில்லை, விரதம் இருப்பவர்களாக நினைத்தார்கள்.

எங்கள் மரபில் இருந்த எல்லா எல்லைக்கோட்டையும் நான் போற்றவில்லை. பிறப்பைக் காரணம் காட்டி மனிதரைத் தெருவுக்கு வெளியே நிறுத்தியதும் இதே ஊர்கள்தான். அந்தக் கோட்டுக்கு மூன்றாம் தண்ணீர் என்று ஒரு முடிவு கிடையாது. அதற்கு அப்பால் இருந்தவர் வாசலில் யாரும் மோர் வைக்கவும் இல்லை. ஒரு விலக்கல் அறமா கொடுமையா என்று பார்க்க எனக்கு இந்த இரண்டு அடையாளம் போதும்: முடியும் நாள் முன்பே தெரிகிறதா, வாசலுக்கு யாராவது வருகிறார்களா. கொரோனாவில் வீதியில் தகரம் அடித்து மூடிய வீடுகளைப் பார்த்து அக்கம்பக்கம் முகம் திருப்பிக்கொண்டு போனதை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் மனம் கூசுகிறது. அரசு ரேஷன் அட்டைக்கு 1,000 ரூபாய் கொடுத்தது. அரிசியும் இலவசமாக வந்தது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மாதக் கணக்கில் மலை ஏறாத வீட்டுக்கு அது சில நாள் ஓடியது.

அம்மா விதியை எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒருநாள் சோறு வடித்துக்கொண்டே சொன்னார்: "உள்ள இருக்கமாட்டேன்னு நான் சொல்லல பாப்பா. என் சுகத்துக்கா இருக்கேன்? ஊருக்காகத்தான இருக்கேன். அப்ப ஊரு வந்து எட்டிப் பாக்கணும்ல?"

என் அண்ணன் வேறு மாதிரி. "எல்லாம் தலையெழுத்து. 2020 நமக்கு வாய்க்கல" என்பான், வேலைக்கும் சென்னை அணிக்கும் சேர்த்தே. ஊழை நான் மறுப்பவள் இல்லை. ஆனால் வள்ளுவர் ஊழுக்கு அறத்துப்பாலில் கடைசி அதிகாரத்தைத்தான் கொடுத்தார். செய்ய வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்த பிறகு, கைமீறியதற்கு ஒரு பெயர் வேண்டுமே என்று அதை அங்கே வைத்தார் என்றே நான் படிக்கிறேன். கிருமி வந்தது ஊழாக இருக்கலாம். பதினான்கு நாள் கூலியை யார் தாங்குவது என்பது நாம் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டிய விஷயம். அதை ஊழின் தலையில் கட்டினால் கடமையிலிருந்து நழுவுகிறோம்.

மதிலில் போட்ட பலக் கணக்குக்கும் இந்தக் கடமைக்கும் தொடர்பு உண்டு. அந்த வருடம் சென்னை 14 ஆட்டத்தில் 6 மட்டும் வென்று 7ஆம் இடத்தில் முடிந்தது; தான் ஆடிய ஐபிஎல்களில் முதல் முறையாக பிளே-ஆஃப் போகவில்லை. நீண்ட நாள் அறையில் கிடந்த ருதுராஜ் முதலில் ஆடிய மூன்று ஆட்டத்திலும் சொல்லும்படி அடிக்கவில்லை. மதிலில் அவரை எழுதிக் கழித்துவிட்டார்கள். அணி அவரைக் கைவிடவில்லை. கடைசி மூன்று ஆட்டத்திலும் அரைசதம். அடுத்த ஆண்டு 635 ரன் எடுத்து ஆரஞ்சு தொப்பி. 2021 அக்டோபர் 15 அன்று கொல்கத்தாவை வென்று சென்னைக்குக் கோப்பை. உட்கார வைக்கப்பட்டவனுக்கு இடத்தைக் காத்து வைத்திருந்த அணி என்றுதான் நான் அதன் பலத்தைச் சொல்வேன். மதில் பிள்ளைகள் ரன்னையும் விக்கெட்டையும் எண்ணினார்கள், இதை எண்ணவில்லை.

ருதுராஜுக்கு ஒப்பந்தம் இருந்தது, அறை வாசலில் உணவு வந்தது, இடம் காத்திருந்தது. அம்மாவின் இடத்தை வைத்திருக்க யாரும் கடமைப்பட்டிருக்கவில்லை. மலை திறந்தபோது பழைய தோட்டத்தில் வேறு ஆட்கள் சேர்ந்திருந்தார்கள். அம்மா வேறு ஜீப் பார்த்து ஏறினார்.

பள்ளி மறுபடி திறந்தபோது என் கூடைப்பந்து அணிக்கு ஒரு விதி வைத்தேன். காய்ச்சலோ அம்மையோ என்று சொல்லி உட்காரும் பிள்ளையின் பெயர் பன்னிரண்டு பேர் பட்டியலில் அப்படியே இருக்கும். ஜெர்சி எண் மாறாது. பயணப்படி மற்றவர்களைப் போலவே அவளுக்கும் உண்டு. அணியில் யாராவது ஒருத்தி தினம் அவள் வீட்டு வாசல் வரை போய்ப் பாடக் குறிப்பைக் கொடுத்துவிட்டு வர வேண்டும். முன்பெல்லாம் மாத்திரை போட்டுக்கொண்டு வந்து, வியர்க்க வியர்க்க ஓடி, பாதி அணிக்குக் காய்ச்சலைக் கொடுப்பார்கள். இப்போது முதல் நாளே வந்து சொல்கிறார்கள்: "மேடம், உடம்பு கதகதங்குது. நான் இன்னைக்குத் தள்ளி உக்காந்துக்கிறேன்."