தனித்து வாழ்பவருக்குக் காப்புறுதி எதற்கு?

விவாகம் செய்யாத ஒருவர் தம்மைக் காப்புறுதி செய்ய வேண்டுமா, செய்வதாயின் எந்த ஆபத்துக்கு எதிராகச் செய்ய வேண்டும் என்பதை வெறும் பணக் கணக்கென்றே பலர் எண்ணுகின்றனர். நல்ல கத்தோலிக்கர் சிலருக்கோ இதில் மனச்சாட்சியின் சங்கடமும் உண்டு. ஆகாயத்துப் பறவைகளையும் வயல்வெளிப் பூக்களையும் காட்டி, நாளையைப் பற்றிக் கலங்க வேண்டாமென ஆண்டவர் போதித்திருக்க, வரக்கூடிய நோய்க்கும் சாவுக்கும் இன்றே பணங்கட்டி வைப்பது அவருடைய பராமரிப்பில் நம்பிக்கையீனம் ஆகாதா என்று கேட்கின்றனர்.

இவ்வையம் புதியதன்று. வருங்காலத்தைப் பற்றிக் கவலைப்படலாமா என்ற வினாவை 13ஆம் நூற்றாண்டிலேயே புனித தோமஸ் அக்குவினாஸ் தமது இறையியற் பெருநூலில் எழுப்பி விடை கூறியிருக்கின்றார். ஒவ்வொரு கவலைக்கும் உரிய காலம் உண்டு என்பதே அவர் விடை. கோடையில் தானிய அறுவடையையும், இலையுதிர் காலத்தில் திராட்சை பறிப்பதையும் எண்ணுவது முறை. கோடையிலேயே திராட்சையைப் பற்றிக் கலங்குபவன், காலம் வருமுன் வேண்டாத சுமையைத் தூக்குகின்றான். நீதிமொழிகள் ஆகமத்து எறும்பும் உரிய காலத்திற் சேர்ப்பதாலேயே நமக்கு முன்மாதிரியாகின்றது. பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1891இல் தொழிலாளர் நிலைமை பற்றி எழுதிய சுற்றுமடலில், நோயும் மரணமும் வந்துற்றபோது தொழிலாளிக்கும் அவன் விதவைக்கும் அநாதைகளுக்கும் உதவும் சங்கங்களைப் பாராட்டியதும் இவ்வழி நின்றே. ஆகவே, எந்தக் கவலை இன்று எனக்குரியது என்று ஒவ்வொருவரும் தம்மையே கேட்க வேண்டியவராகின்றனர்.

காப்புறுதி முகவர் வீட்டுக்கு வந்தால் முதலில் விரிப்பது ஆயுட் காப்புறுதிப் பத்திரத்தையே. வருபவர் பெரும்பாலும் நமது சொந்தக்காரராகவோ அதே பங்கைச் சேர்ந்தவராகவோ இருப்பார். முகத்தாட்சணியத்துக்காகக் கையொப்பமிட்டு, ஒரு வருஷம் கட்டிப் பின் கைவிட்டவர்கள் எத்தனையோ பேர். தொடக்க ஆண்டுகளிற் கைவிட்டால் கட்டிய பணம் பெரும்பாலும் திரும்பி வராது. ஒருவர் இறந்தபின், அவர் உழைப்பை நம்பியிருந்தோர் தெருவில் நில்லாதிருப்பதற்காகவே ஆயுட் காப்புறுதி ஏற்பட்டது. நம்பியிருப்போர் எவருமில்லையெனில் அதற்கு அங்கே வேலை அதிகமில்லை. இளமையிற் செய்தால் கட்டுப்பணம் குறைவு என முகவர் சொல்வது உண்மைதான். அதற்காகத் தேவையில்லாததை வாங்குவதா?

ஆனால் எங்கள் குடும்பங்களில் விவாகமாகாதவர் என்றால் தனியாள் என்று அர்த்தமில்லை. தாயின் மருந்து, தங்கையின் படிப்பு, வீட்டின் மேலுள்ள கடன் எல்லாம் அந்த ஒரு சம்பளத்திலேயே தொங்குகின்றன. சகோதரங்களைக் கரைசேர்த்துவிட்டுத் தான் தனித்துப்போன அக்காமாரை எந்தப் பங்கிலும் காணலாம். அத்தகைய ஒருவர் 30 வயதில் இறந்திருந்தால், அவ்வீட்டுக்கு ஒரு தகப்பன் இறந்ததற்குச் சமன். அவருக்கு அக்காலத்தில் ஆயுட் காப்புறுதி கடமை என்றே சொல்வோம். தன் வீட்டாரைப் பராமரியாதவனைப் புனித சின்னப்பர் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகத்தில் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கின்றார்! எனினும், கடைசித் தம்பி உழைக்கத் தொடங்கும் வரையான ஆண்டுகளுக்கு, மரணத்துக்கு எதிராக மட்டும் செய்யும் காப்புறுதி போதுமானது. சேமிப்பும் சேர்ந்ததைவிட அது மலிவு. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஓராண்டில் ஏறக்குறைய 70 வீதம் உயர்ந்திருந்தது. 20 வருஷம் கட்டி, அந்த நேரம் முதிர்ந்த தொகையைக் கையில் வாங்கியவர்களுக்கு இதை நாம் விளக்கத் தேவையில்லை.

சகோதரங்கள் கரைசேர்ந்த பின் கவலை வேறு பக்கம் திரும்புகின்றது. சாவைவிட, சாகாமற் படுக்கையில் விழுவதே தனித்தவருக்குப் பேரிடர். மணமானவர் விழுந்தால் மற்றவரின் உழைப்பாவது இருக்கும். அரசாங்க வைத்தியசாலையிற் சிகிச்சை இலவசமென்றாலும், சம்பளம் நின்ற மாதங்களுக்கு வாடகையும் சாப்பாடும் யார் தருவது? ஆகவே கடும் நோய், நிரந்தர அங்கவீனம் ஆகியவற்றுக்கான காப்புறுதியையே தனித்தவர் முதலிற் பார்க்க வேண்டுமென்பது எமது கருத்து. அதற்கு முன் கையில் ஏற்கெனவே என்ன இருக்கின்றதென அறிவது நல்லது. அரச ஊழியருக்கு அக்ரஹார காப்புறுதி உண்டு. தனியார் துறையில் ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 வீதமும் முதலாளி 12 வீதமும் செலுத்துகின்றனர். 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் 3 வீதம் கட்டுகின்றார். இருதய சத்திரசிகிச்சைக்கு அந்நிதியத்தில் உதவி பெறலாமென்பது அதன் அங்கத்தவர் பலருக்கே தெரியாது. கடற்றொழில் செய்பவருக்கும் கூலிவேலை செய்பவருக்கும் பெரும்பாலும் இவை கிடைப்பதில்லை. அவர்களுக்கு விபத்துக் காப்புறுதியே முதலாவது.

இத்தனையும் செய்தபின் ஒரு சோதனை எஞ்சுகின்றது. "நான் ஒருவருக்கும் பாரமாயிருக்க மாட்டேன்" என்பது தனித்து வாழ்வோரிடம் அடிக்கடி கேட்கும் சொல். மானமுள்ள சொல்தான், ஆயினும் அதன் அடியிற் கொஞ்சம் ஆங்காரமும் ஒளித்திருக்கலாம். லூக்கா நற்செய்தியில் வரும் மூடச் செல்வன் தன் ஆன்மாவோடு மாத்திரமே பேசுகின்றான். அவன் களஞ்சியக் கணக்கில் வேறொருவருமில்லை. வைத்தியசாலை வார்ட்டில் இரவில் சுடுதண்ணீர்ப் போத்தலை நிரப்பித் தர எந்தக் காப்புறுதியும் ஆளனுப்புவதில்லை. பெறாமகளோ, அயல்வீட்டுக்காரரோ, வின்சென்ட் டி போல் சபையாரோதான் வருவர். அவர்களை வரவிட வேண்டும். ஆண்டவரே சிலுவைப் பாதையில் சீரேனே ஊர்ச் சீமோனின் தோளை மறுக்கவில்லை.

பத்திரத்தில் இன்னொரு இடமும் உண்டு: பணம் யாருக்குச் சேரவேண்டும் என்று எழுதும் பின்னுரித்தாளரின் பெயர். வேலையிற் சேர்ந்த நாளில் தாயின் பெயரை எழுதியவர்கள், தாயை அடக்கம் செய்து பல வருஷமாகியும் அதை மாற்றாதிருக்கின்றனர். மணமானவருக்கு அவ்விடத்தில் யோசிக்க ஒன்றுமில்லை. தனித்தவரோ பேனையைப் பிடித்தபடி, தமக்கு யார் உரியவர் என்று எண்ணிப் பார்க்க நேரிடும். எண்ணி எழுதியபின் அந்த ஆளுக்கும் அதைச் சொல்லி, பத்திரம் அலுமாரியில் எந்தத் தட்டில் இருக்கின்றதென்பதையும் காட்டி வைப்பாராக.