மாலை சூட்டினால் கடன் தீருமா?

நாளேடுகளின் நினைவஞ்சலிப் பக்கத்தைப் புரட்டுவோர் ஒரு தொடரை அடிக்கடி காண்பர். ‘அன்பு மனைவியாக, பாசமிகு தாயாக, நல்லாசிரியையாக வாழ்ந்து மறைந்தார்’ என்பதே அத்தொடர். மறைந்தவர் சிறப்புக் கல்வி ஆசிரியையாக இருந்துவிட்டால் ‘தியாகச் சுடர்’, ‘பொறுமையின் வடிவம்’ என்னும் அடைமொழிகளும் சேர்ந்துகொள்ளும். படத்திற்கு ஒரு மாலை, பள்ளியில் ஒரு நிமிட மௌனம், இரங்கற் கூட்டத்தில் சில சொற்பொழிவுகள். அத்துடன் நினைவுகூரும் கடமை நிறைவேறிவிட்டதாக உலகம் கருதுகிறது.

உண்மையில் நிறைவேறிவிட்டதா? பிறருக்காக வாழ்ந்த ஒருவரை எவ்வாறு நினைவுகூர்வது முறை? புகழ்வது ஒன்றே போதுமா? சடங்கு பற்றிய வினாவாகத் தோன்றினும் இஃது அறம் பற்றிய வினாவேயாகும். உலகறிந்த ஓர் ஆசிரியையின் வாழ்வை முன்வைத்து இதனை ஆராய்வது நலம்.

ஹெலன் கெல்லரை அறியாத மாணவர் இலர். அவருக்குக் கல்விக்கண் திறந்த ஆன் சல்லிவன் அம்மையாரைப் பெயரளவில் அறிந்தோரே பலர். அவர் 1866ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், அயர்லாந்திலிருந்து குடியேறிய வறிய பெற்றோருக்குப் பிறந்தார். சிறுவயதிலேயே கண்ணோய் அவருடைய பார்வையைக் குன்றச் செய்தது. தாய் இறந்தார், தந்தை பிள்ளைகளைக் கைவிட்டார். 1876ஆம் ஆண்டு அவரும் அவருடைய தம்பியும் டியூக்ஸ்பரி என்னுமிடத்திலிருந்த ஏழையர் விடுதியில் சேர்க்கப்பட்டனர். சில திங்களுக்குள் தம்பி அங்கேயே இறந்தான். விடுதியைப் பார்வையிட வந்த அதிகாரிகளிடம், “நான் பள்ளிக்குப் போக வேண்டும்” என்று அச்சிறுமி மன்றாடினாள். அதன் பயனாக 1880ஆம் ஆண்டு பார்வையற்றோருக்கான பெர்க்கின்ஸ் பள்ளியில் இடம் கிடைத்தது. பதினான்கு வயதில் எழுத்தறியாது நுழைந்தவர், ஆறே ஆண்டுகளில் தம் வகுப்பின் முதல் மாணவியாக வெளிவந்தார்.

அம்மையாரைப் ‘பொறுமையின் வடிவம்’ என்று கூறுவது வழக்கம். ஆயின் அவர் இயல்பில் பொறுமைசாலி அல்லர்; பள்ளி நாள்களில் சினத்திற்கும் எதிர்ப்பேச்சிற்கும் பெயர்பெற்றவர். 1887ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள், இருபது வயது நிரம்பிய நிலையில், அலபாமா மாநிலத்து டஸ்கம்பியா ஊருக்கு அவர் வந்து சேர்ந்தார். பார்வையும் செவிப்புலனும் இழந்த ஆறு வயதுச் சிறுமியிடம் அவர் காட்டியது வெறும் பொறுமையன்று. அஃது அறிவின் உழைப்பு. ஏப்ரல் 5ஆம் நாள் நீரிறைக்கும் குழாயடியில், ஒரு கையில் நீர் பாய, மறுகையில் ‘நீர்’ என்னும் சொல்லை விரலால் எழுதிக் காட்டிய நிகழ்ச்சியை அனைவரும் அறிவர். அதன் பின்னர் அவர் செய்ததே பெரிது. மழலைப் பருவத்துக் குழந்தை எவ்வாறு மொழி கற்கிறது என்பதை அவர் உற்று நோக்கினார். குழந்தையிடம் எவரும் தனிச்சொற்களைப் பாடமாக நடத்துவதில்லை. முழு வாக்கியங்களில் இயல்பாகப் பேசுகின்றனர். அவ்வாறே ஹெலனின் உள்ளங்கையில் வாக்கியங்களாகவே பேசலானார். சொல்லிக் கொடுத்தவரில்லாத நெறியைத் தாமே கண்டறிந்த ஒருவரைப் ‘பொறுமைசாலி’ என்று மட்டும் போற்றினால், அப்புகழே அவருடைய அறிவை மறைக்கும் திரையாகிவிடுகிறது.

‘தியாகம்’ என்னும் சொல்லையும் சற்றே நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஹெலன் ராட்கிளிப் கல்லூரியில் பயின்றபோது பாடநூல்கள் பலவும் புடைப்பெழுத்தில் கிடைக்கவில்லை. எனவே விரிவுரைகளை வகுப்பில் கையில் எழுதிக் காட்டியதோடு, நூல்களையும் பக்கம் பக்கமாக வாசித்துச் சொன்னவர் அம்மையாரே. முன்பே நலிந்திருந்த கண்கள் மேலும் நலிந்தன. 1904ஆம் ஆண்டு ஹெலன் பட்டம் பெற்றார். உடனிருந்து அத்தனை பாடங்களையும் பயின்ற ஆசிரியைக்குப் பட்டமில்லை. அடுத்த ஆண்டு அவர் ஜான் மேசி என்பாரை மணந்தார். மூவரும் ஒரே இல்லத்தில் வாழ்ந்தனர். பத்தாண்டுகள் செல்வதற்குள் கணவர் பிரிந்து சென்றார். அம்மையாருக்கு மக்கட்பேறும் இல்லை. நினைவஞ்சலிப் பக்கத்தின் அளவுகோலில் மனைவி என்னும் வரி முறிந்தும், தாய் என்னும் வரி வெறுமையாகவும் நிற்கின்றன. அதனால் அவ்வாழ்வு குறைந்துவிட்டதா?

அவர் இழந்தவற்றையெல்லாம் ‘தியாகம்’ என்று கூறி வணங்கிவிடுவது எளிது. நூல்கள் கிடைக்கும்படி செய்வது யாருடைய பொறுப்பு? இருவர் மூவர் பகிர்ந்து சுமக்க வேண்டிய பாரத்தை ஒருவர் தோளில் ஏற்றியது யார்? இவ்வினாக்களை எழுப்பாத புகழுரை, சுமந்தவரைப் போற்றுவது போலச் சுமக்காதவர்களைக் காப்பாற்றுகிறது. தெய்வமாக்கப்பட்டவருக்கு எவரும் கைகொடுக்க வேண்டியதில்லை அல்லவா?

‘மறைந்தவரின் முறிவுகளையும் சினத்தையும் பேசுதல் பண்பாகுமா?’ என்று சிலர் வினவலாம். புறங்கூறுதல் பண்பன்று என்பதில் ஐயமில்லை. ஆனால், ஒருவரை இழிவுபடுத்தப் பேசுவது வேறு. அறிந்துகொள்ளப் பேசுவது வேறு. ஏழையர் விடுதியில் கழிந்த தம் இளமையை அம்மையார் ஹெலனிடம்கூடப் பல்லாண்டுகள் மறைத்தே வைத்திருந்தார், முதுமையில்தான் வெளியிட்டார். அவ்வுண்மை அவருடைய பெருமையைச் சிறிதும் குறைக்கவில்லை. கைவிடப்பட்ட ஒரு சிறுமியே பின்னாளில் இன்னொரு சிறுமியைக் கைவிடாதவளானாள் என்னும் பொருளை அன்றோ அது தந்தது! குறைகளை நீக்கிவிட்ட வாழ்வு வணங்கத் தகும், பின்பற்ற உதவாது. விழுந்து எழுந்த மனிதரையே மனிதர் பின்பற்ற இயலும்.

இவ்வுண்மை நம் ஆசிரியர் சமூகத்திற்கும் பொருந்தும். மலேசியாவில் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் இயற்றப்பட்டது. சிங்கப்பூரில் 2019ஆம் ஆண்டு முதல் கட்டாயக் கல்வி சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. சட்டம் பள்ளியின் கதவைத் திறக்கும். அக்கதவுக்குள் நுழையும் பிள்ளையை வரவேற்பது சிறப்புக் கல்வி ஆசிரியை ஒருவரின் வேலை மட்டுமே என்று ஏனையோர் ஒதுங்கி நின்றால், நாளைய ‘தியாகச் சுடரை’ இன்றே எரிக்கத் தொடங்கிவிட்டோம் என்பது பொருள். அவ்வாசிரியை மாலையில் வீடு திரும்பியதும் அடுப்பங்கரையும் துணிமூட்டையும் அவருக்காகவே காத்திருக்குமானால், அவ்வீட்டாரும் அத்தீயில் பங்குடையவரே. வாழும்போது ஒரு நாழிகை ஓய்வு தராதவர்கள், மறைந்தபின் ஒரு பக்கம் அஞ்சலி தருவதால் என்ன பயன்?

1936ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் சல்லிவன் அம்மையார் மறைந்தார். இறுதிக் காலத்தில் அவருக்குப் பார்வை அறவே இல்லை. ஹெலன் அதன்பின் ஏறத்தாழ முப்பத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார். பல நாடுகளுக்குச் சென்று பார்வையற்றோர்க்காகப் பேசினார். 1955ஆம் ஆண்டு தம் ஆசிரியையின் வரலாற்றைத் தாமே நூலாக எழுதினார். உள்ளங்கையில் பெற்றதை உலகின் கையில் சேர்த்ததே அம்மாணவி செலுத்திய அஞ்சலி.

ஆகவே, அத்தகைய ஓர் ஆசிரியை மறையும்போது, மாலையுடன் இரண்டு வினாக்களையும் ஏந்திச் செல்வோமாக. அவர் கண்டறிந்தவற்றுள் எதனை நாம் கற்றுக்கொண்டோம்? அவர் தனியே சுமந்தவற்றுள் எது நம்முடையதாக இருந்தது? முதல் வினாவுக்கு வகுப்பறையிலும், இரண்டாம் வினாவுக்கு அடுத்த ஆசிரியை உயிருடன் இருக்கும்போதும் விடையளிப்பதே உண்மையான நினைவுகூரல். மாலை மறுநாள் வாடிவிடும், கடன் வாடுவதில்லை.