விக்டருக்குப் பக்கவாத்தியம்

ஒவ்வொரு ஆகஸ்ட் 15 அன்றும் காலையில் மாமா தன் கிளினிக் வாசலில் கொடியேற்றுவார். பாளையங்கோட்டையில் அந்தத் தெருவே திரண்டு வந்து நிற்கும் என்று சொல்ல ஆசைதான். கம்பவுண்டரும் இரண்டு நர்ஸ்களும் எதிர்த்த ஜெராக்ஸ் கடைப் பையனும் நிற்பார்கள், அவ்வளவுதான். ஆரஞ்சு மிட்டாய் கொடுப்பார். அன்று சாயங்காலம் நோயாளி பார்ப்பது கிடையாது. மாடியறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு கேசட்டைப் போடுவார். தொண்ணூறு நிமிடக் கேசட். ஒரு பக்கம் முடிந்ததும் அவரே எழுந்து திருப்பிப் போடுவார். வேறு யாரையும் தொடவிட மாட்டார். சின்ன வயதில் அதுவும் சுதந்திர தினத்தைச் சேர்ந்ததுதான் என்று நினைத்திருந்தேன். முதலில் கொடி, அப்புறம் மிட்டாய், ராத்திரியானால் புரியாத மொழியில் ஒரு ஆள் முகத்தில் சலனமே இல்லாதவன் மாதிரிப் பாடுவது.

பத்தாவது படிக்கும்போதுதான் கேட்டேன். "இவன் செத்த நாளுடே இன்னிக்கு" என்றார்.

செத்தவன் விக்டர் சோய். 1990 ஆகஸ்ட் 15 அன்று லாத்வியாவில், மீன்பிடிக்கப் போய்விட்டுத் திரும்பும் வழியில், அவன் ஓட்டிவந்த மாஸ்க்விச் கார் எதிரே வந்த இக்காரஸ் பஸ்ஸில் மோதியது. ஓட்டும்போதே கண்ணயர்ந்துவிட்டான் என்று விசாரணையில் முடிவு சொன்னார்கள். வயது 28. கினோ என்ற ராக் குழுவின் பாடகன். பாட்டுகளை எழுதியவனும் அவனே. கினோ என்றால் ரஷ்ய மொழியில் சினிமா. அவர் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் மாமா வாயில் எப்போதும் 'அவன்', எனக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது.

மாமா மருத்துவம் படிக்க லெனின்கிராடு போனது 1982இல். கினோவின் முதல் ஆல்பம் வந்ததும் அந்த வருடம்தான். வந்தது என்று சொல்வதே கொஞ்சம் பெரிய வார்த்தை. சோவியத் நாட்டில் அப்போது இசைத்தட்டு போடுவதற்கு இருந்தது அரசாங்கத்தின் மெலோதியா ஒன்றுதான். இந்த மாதிரிப் பையன்களுக்கு அதன் கதவு திறக்காது. ஆந்திரேய் திரொபில்லோ என்ற ஒலிப்பதிவாளர், பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொழில்நுட்பம் சொல்லித்தரும் ஒரு கட்டடத்துக்குள் சின்னதாக ஸ்டுடியோ வைத்திருந்தார். அங்கே பாடிப் பதிவு செய்வார்கள். அதிலிருந்து ஒருவன் நாடாவில் பிரதி எடுப்பான், அவனிடமிருந்து நாலு பேர், அந்த நாலு பேரிடமிருந்து நாற்பது பேர். பாட்டு இப்படியே நாடு முழுக்கப் போய்ச் சேரும், ஒரு பைசா யாருக்கும் வராது. மாமாவின் கேசட் எத்தனையாவது கை மாறிய பிரதி என்று அவருக்கே தெரியாது. ஹாஸ்டலில் கூட இருந்த கஸாக் பையன் எடுத்துக்கொடுத்தது. பாட்டுக்கு அடியில் எந்நேரமும் ஒரு இரைச்சல் ஓடிக்கொண்டிருக்கும், மதகில் தண்ணீர் விழுகிற மாதிரி.

பாட்டு சோறு போடாது. சும்மாவும் இருக்க முடியாது. வேலையில்லாமல் இருப்பது அங்கே குற்றம். ஒட்டுண்ணி என்று வழக்குப் போடுவார்கள். கவிஞர் ஜோசப் பிராட்ஸ்கிக்கு 1964இல் தண்டனை கொடுத்தது அந்தக் குற்றச்சாட்டில்தான். அதனால் பாடுகிறவர்களும் படம் வரைகிறவர்களும் காவல்காரன், தெரு பெருக்குகிறவன், கொதிகலன் அறைத் தொழிலாளி என்று எதிலாவது ஒண்டிக்கொள்வார்கள். ஒரு நாள் முழுக்க ஷிப்ட் பார்த்தால் அடுத்து சில நாள் நம்முடையது. விக்டர் நிலக்கரி அள்ளிப் போட்டான். அவன் வேலை பார்த்த கொதிகலன் அறைக்குக் கம்சாத்கா என்று பட்டப்பெயர், நாம் தண்ணியில்லாக் காடு என்கிறோமே அப்படி. இப்போது அது அருங்காட்சியகம். "எங்க ஹாஸ்டல் ரேடியேட்டரச் சுட வச்சது அவனாக்கூட இருக்கலாம்" என்பார் மாமா. இருக்க வழியே இல்லை, ஹாஸ்டல் ஊரின் இன்னொரு கோடியில் இருந்தது. ஏழு வருடம் ஒரே ஊரில் இருந்தும் ஒரு தடவைகூட அவனை நேரில் பார்த்ததில்லை. டிக்கெட் கிடைத்தபோது பரீட்சை, பரீட்சை இல்லாதபோது டிக்கெட் இல்லை.

ஏன் அவன் என்பதை மாமா ஒரே ஒருமுறை சொன்னார். விக்டரின் அப்பா ராபர்ட், கொரிய வம்சாவளி. தூரக்கிழக்கில் இருந்த கொரியர்களை 1937இல் ஸ்டாலின் மொத்தமாக ரயிலேற்றி மத்திய ஆசியாவுக்கு அனுப்பினாரே, அந்தச் சனம். ராபர்ட் பிறந்தது கஸாக்ஸ்தானில். மெட்ரோவில் தன் கறுப்பு முகத்தைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிற ஊரில், ரஷ்ய முகம் இல்லாத ஒருவன் ரஷ்ய மொழியில் பாடி அத்தனை பிள்ளைகளையும் கட்டிப்போட்டான் என்பது மாமாவுக்குப் பெரிய தெம்பாக இருந்திருக்கிறது. இசை ரசனை என்று நாம் சொல்வதில் பாதி இந்த மாதிரி விஷயம்தான்.

மாஸ்கோவில் அர்பாத் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் விக்டர் சோய் சுவர் இருக்கிறது. அவன் செத்த அன்று யாரோ அங்கே 'இன்று விக்டர் சோய் இறந்துவிட்டார்' என்று எழுத, அடியில் இன்னொருவர் 'சோய் உயிரோடிருக்கிறார்' என்று பதில் எழுதினாராம். அன்றிலிருந்து எழுத்தின் மேல் எழுத்து, படத்தின் மேல் படம். 2006இல் சிலர் வந்து மொத்தத்தையும் வண்ணமடித்து மூடினார்கள், ரசிகர்கள் மறுபடி எழுதிவிட்டார்கள். வருகிறவர்கள் பாதி புகைத்த சிகரெட்டை அங்கே வைத்துவிட்டுப் போவது வழக்கம். அவன் பாட்டில் சிகரெட் வரும்.

ஒரு புகைப்படத்தில் அந்த சிகரெட்டுகளைப் பார்த்தபோது எனக்கு எங்கள் வீட்டுப் படையல் ஞாபகம் வந்தது. தாத்தா திவசத்துக்கு இலையில் சுருட்டு வைப்போம். வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் வெளியே நிற்போம். உள்ளே அவர் வந்து சாப்பிட்டுப் போவதாகக் கணக்கு. அஞ்சு நிமிடம் கழித்துப் பாட்டி கதவைத் தட்டுவாள், திறப்பாள், அதே இலையிலிருந்து எடுத்து எங்களுக்கு உருட்டிக் கொடுப்பாள். கதவைச் சாத்துவதில் இருக்கிற பயபக்தியை மட்டும் ரொம்ப நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். திறப்பதும் சடங்கில் சேர்ந்ததுதான் என்பது பிறகே உறைத்தது. சாத்தியபடியே விட்டால் பிள்ளைகள் பட்டினி.

ஒருவன் போனபின் மிச்சக் குழு என்ன செய்ய வேண்டும்? 1980ஆம் வருடம் மூன்று குழுக்களை இந்தக் கேள்விக்கு முன்னால் நிறுத்தியது. பிப்ரவரியில் ஏசி/டிசியின் பான் ஸ்காட் லண்டனில் செத்துப்போனார். அவர்கள் பிரையன் ஜான்சனைச் சேர்த்துக்கொண்டு ஜூலையிலேயே அடுத்த ஆல்பத்தைக் கொண்டுவந்துவிட்டார்கள், அட்டையை மட்டும் முழுக் கறுப்பாக விட்டு, தொடக்கத்தில் ஒரு மணியோசையை வைத்து. மே மாதம் ஜாய் டிவிஷனின் இயன் கர்டிஸ், அமெரிக்கப் பயணத்துக்கு முந்தின நாள் உயிரை மாய்த்துக்கொண்டார். யாராவது ஒருவர் இல்லாமல் போனால் அந்தப் பெயரில் பாடக்கூடாது என்பது அவர்களுக்குள் முன்பே இருந்த பேச்சு. மற்ற மூவரும் நியூ ஆர்டர் ஆனார்கள். செப்டம்பரில் லெட் செப்பெலின் டிரம்மர் ஜான் போனம். டிசம்பரில் மிச்சமிருந்தவர்கள் இனி தொடர முடியாது என்று ஒரு சின்ன அறிக்கை விட்டு முடித்துக்கொண்டார்கள்.

கல்லூரியில் படித்தபோது லெட் செப்பெலின் செய்ததுதான் மரியாதை என்று ராத்திரி முழுக்கச் சண்டை போட்டிருக்கிறேன். அஞ்சு மாதத்தில் அடுத்த ஆளா என்று ஏசி/டிசியைத் திட்டியிருக்கிறேன். பிறகு அப்பா போனார். பதினாறு முடிந்த மறுநாள் காலை அம்மா பாத்திரக் கடை ஷட்டரைத் தூக்கினாள். சொந்தக்காரர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். அம்மா கல்லாவில் உட்கார்ந்து, அப்பா கையெழுத்தில் இருந்த பாக்கிக் கணக்கைப் பார்த்து ஆளனுப்பிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு நான் ஏசி/டிசியைத் திட்டுவதில்லை.

கினோ செய்தது எனக்கு இன்னும் பிடிக்கும். சாவதற்கு முன் அந்த 1990 கோடையில் லாத்வியாவில் விக்டர் புதுப் பாட்டுகளைக் கரடுமுரடாகப் பாடிப் பதிந்து வைத்திருந்தான். கிட்டார்க்காரர் யூரி கஸ்பர்யானும் மற்றவர்களும் அந்தக் குரலை வைத்துக்கொண்டு ஸ்டுடியோவில் தங்கள் பங்கை வாசித்து ஆல்பத்தை முடித்தார்கள். கறுப்பு அட்டை. பிறகு கடையைச் சாத்தினார்கள். இலை போட்டார்கள், கதவைத் திறந்தார்கள், எழுந்து போனார்கள்.

முப்பது வருடம் கழித்துத் திரும்ப வந்தார்கள். 2021இல் கினோ என்ற அதே பெயரில் பெரிய அரங்குகளில் கச்சேரி. ஏற்பாடு விக்டரின் மகன் அலெக்சாந்தர். அப்பா செத்தபோது அவருக்கு வயது ஐந்து. இப்போது அப்பாவைவிட மூத்தவர். மேடையில் கஸ்பர்யான், கினோவில் வெவ்வேறு காலத்தில் பேஸ் வாசித்த தித்தோவ், திஹமீரொவ் இருவரும். நின்றுகொண்டே டிரம்ஸ் வாசிப்பாரே குர்யானொவ், அவர் 2013இல் போய்விட்டதால் அந்த இடத்தில் வேறொருவர். நடுவில் பெரிய திரையில் விக்டர். பழைய பதிவுகளிலிருந்து குரலை மட்டும் தனியே பிரித்தெடுத்து ஓட விட்டிருந்தார்கள்.

எனக்கு அது உறுத்தியது. பணம் பண்ணுகிறார்கள் என்ற உறுத்தல் இல்லை, பண்ணட்டும். நம் கச்சேரியில் மிருதங்கக்காரர் பாடகர் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். பாடகர் ஓர் இடத்தில் கார்வை கொடுத்து நின்றால் இவர் விரலைத் தூக்கிக்கொண்டு காத்திருப்பார். இவர் ஒரு தீர்மானம் வைத்தால் பாடகர் தலையாட்டிவிட்டு அடுத்த அடியை எடுப்பார். பக்கவாத்தியம் என்பது பக்கத்தில் இருக்கிறவனோடு பேசுவது. இங்கே அறுபதையொட்டிய வயதில் மூன்று பேர், இருபது சொச்சம் வயதுக் குரலுக்கு அச்சுப் பிசகாமல் வாசிக்கிறார்கள். அவர்கள் நின்றால் அவன் நிற்க மாட்டான், வேகம் எடுத்தால் கூட வர மாட்டான். விக்டருக்குக் காது கேட்காது.

வீட்டிலும் இப்படி வாசிக்கிறவர்கள் உண்டு. அப்பா இருந்திருந்தால் இதற்குச் சம்மதித்திருக்க மாட்டார் என்று தங்கையின் கல்யாணத்தை நானே இரண்டு வருடம் தள்ளிப்போட்டேன். அப்பா இருந்திருந்தால் அந்த இரண்டு வருடத்தில் அவரே மாறியிருப்பார். செத்த நாளில் அவர் வைத்திருந்த அபிப்பிராயத்தை நான் பதிவு நாடா மாதிரி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

கச்சேரியை லேப்டாப்பில் மாமாவுக்குப் போட்டுக் காட்டினேன். திரையில் விக்டர் வந்தபோது ஒன்றும் சொல்லவில்லை. கஸ்பர்யானைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "நரைச்சிட்டானே" என்றார். கொஞ்சம் கழித்து, "பாவம்டே. அது பாட்டுக்குப் பாடிட்டுப் போகுது அந்தப் பிள்ள, இவனுக மூச்சு வாங்குதானுவ" என்றார்.

பிள்ளை என்று அவர் சொன்னதை அன்றுதான் கவனித்தேன். விக்டர் அவரைவிட ஒரு வயது மூத்தவன். நான் பையனாக இருந்தபோது அவன் மாமாவின் சேக்காளி மாதிரி. "அவன் ஒரு கிறுக்கன்டே" என்று சிரித்துக்கொண்டு சொல்வார். அந்த வருடம்தான் அவருடைய மகனுக்கு 28 ஆனது. பெங்களூரில் இருக்கிறான், ராத்திரியில் கார் ஓட்டிக்கொண்டு ஊருக்கு வருவான். வந்து சேரும்வரை மாமா தூங்க மாட்டார்.

நான் சொன்ன பக்கவாத்தியக் கதையை அவர் பாதிதான் ஒத்துக்கொண்டார். "கூட்டத்தப் பாத்தியா? இருவது வயசுப் பிள்ளையெல்லாம் கூடப் பாடுது. அதுகளுக்கு இது பழைய பாட்டா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. 2020 ஆகஸ்டில் பெலாரஸ் தலைநகர் மின்ஸ்கில், அரசாங்கம் நடத்திய விழாவிலேயே மாற்றம் கேட்கும் விக்டரின் பாட்டைப் போட்டுவிட்டதற்காக ஒலியமைப்பாளர்கள் இருவரைப் பத்து நாள் உள்ளே வைத்தார்கள். செத்தவனோடு தாளம் போட்டுக்கொண்டிருப்பவர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது.

போன ஆகஸ்ட் 15 சாயங்காலம் மாடியறையில் நானும் இருந்தேன். கேசட் ஓட ஆரம்பித்ததும் எனக்கு என்னவோ செய்தது. பாட்டு இழுத்தது. சுருதி நன்றாக இறங்கி, குரல் கனத்து, கிட்டார் எல்லாம் எண்ணெயில் ஊறியது மாதிரிக் கேட்டது. பிளேயருக்குள் பெல்ட் தளர்ந்திருக்கிறது.

"மாமா, ஜங்ஷன்ல பெல்ட் கிடைக்கும். நாளைக்கே மாத்தித் தாரேன்."

"தெரியும். நாலஞ்சு வருசமாவே இப்படித்தான்."

"ஏன் மாத்தாம வச்சிருக்கிய?"

பாட்டு முடிகிறவரை பதில் வரவில்லை. விக்டர் ஒவ்வொரு வரியையும் மூச்செடுத்து மூச்செடுத்து, அவசரமே இல்லாமல் பாடி முடித்தான்.

"இப்பத்தான் மருமவனே, என் வயசுக்காரன் மாதிரிப் பாடுதான்."

டொக்கென்று பட்டன் மேலே வந்தது. நான் எழப் போனேன். கையமர்த்திவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து, அவரே திருப்பிப் போட்டார்.