தண்டனைக்கு அளவுகோல் எது?

ஒரே குற்றத்தைச் செய்த இருவர் ஒரே தண்டனை பெற வேண்டும் என்பதை மறுப்பார் எவருமிலர். ஆயினும் நம் நீதிமன்றங்களில் அதனைக் காண்பது அரிது. 2024 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதை, திருட்டுக்கு மூன்றாண்டு வரை சிறை என்கிறது. ஒரு மாதமும் அதற்குள் அடங்கும். முப்பத்தாறு மாதமும் அடங்கும். இடையில் எங்கே நிற்பது என்பதை அந்தந்த நீதிபதியின் மனமே நிர்ணயிக்கிறது. இதற்கு வழிகாட்டு நெறிகள் வகுக்க வேண்டுமென்று நீதிபதி மளிமத் தலைமையிலான குழு 2003-இல் பரிந்துரைத்தது. அவை இன்னும் வந்தபாடில்லை.

அமெரிக்க மத்திய நீதிமன்றங்களில் 1987 முதல் இதற்கென ஓர் அட்டவணை உண்டு. குற்றத்தின் கடுமைக்கு 43 படிகள். முற்குற்றப் பதிவுக்கு ஆறு வகுப்புகள். இருபதாம் படியில் முதல் வகுப்பினனுக்கு 33 முதல் 41 மாதம் வரை. அதே படியில் ஆறாம் வகுப்பினனுக்கு 70 முதல் 87 மாதம் வரை. இவ்வட்டவணை நீதிபதிக்கு யோசனையேயன்றிக் கட்டளை அன்று என 2005-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படிகளைக் கூட்டிக் கழித்துக் காண்பது சிக்கலான வேலை. ஆதலின் அதனைச் செயற்கை அறிவு மென்பொருளிடம் விட்டால் என்ன என்ற பேச்சு இன்று எழுந்துள்ளது. நம் தமிழர் பலர் வாழும் மலேசியா இன்னும் ஓரடி முன் வைத்தது. அந்நாட்டின் சபா, சரவாக் நீதிமன்றங்களில், போதைப்பொருள் வைத்திருந்த வழக்குகள் முதலியவற்றில், பழைய தீர்ப்புகளைக் கற்றுத் தண்டனையைப் பரிந்துரைக்கும் கருவி 2020 பிப்ரவரியில் பயனுக்கு வந்தது. பரிந்துரையை நீதிபதி ஏற்கலாம், தள்ளலாம்.

இதனை எள்ளி நகையாடுதல் நமக்கு அழகன்று. தண்டத்தில் சமம் வேண்டும் என்று கல்லில் வெட்டி வைத்தவர் நம் அசோகச் சக்கரவர்த்தி அன்றோ! (அவருடைய சிறு சாசனங்கள் இம்மைசூர் நாட்டுப் பிரம்மகிரியிலும் உள்ளன, போய்ப் பார்க்காத அன்பர்கள் ஒருமுறை பார்த்து வருக.) பட்டங்கட்டிய இருபத்தாறாம் ஆண்டில் வெளியிட்ட நான்காம் தூண் சாசனத்தில், விசாரணையிலும் தண்டனையிலும் ஒரே சீர் வேண்டும் என்கிறார். ஆனால் அச்சாசனம் அத்தோடு முடியவில்லை. மரண தண்டனை பெற்றோருக்கு மூன்று நாள் தவணை தருகிறேன், உறவினர் வந்து மன்றாடலாம் என்று தொடர்கிறது. சமமான அளவு ஒன்று. அளந்த பின்னும் கேட்பதற்கு ஒரு காது மற்றொன்று. மென்பொருள் முதலாவதைத் தரக்கூடும். இரண்டாவதை எவரிடம் பெறுவது?

முதலாவதையேனும் அது நேராகத் தருமா என்று பார்ப்போம். அங்குத்தர நிகாயத்தில் உப்புக்கட்டியை உவமையாக்கிய சூத்திரம் உள்ளது. ஒரே அளவு உப்பு சிறு கிண்ணத்து நீரைக் குடிக்கவொண்ணாததாக்கும், கங்கையை ஒன்றும் செய்யாது என்று விளக்கும் பகவான், அங்கேயே உலக வழக்கம் ஒன்றையும் எடுத்துக் காட்டுகிறார். அரைக் காசுக்காக ஏழை சிறை புகுகிறான், செல்வன் புகுவதில்லை. அக்காலத்துத் தீர்ப்புகளையெல்லாம் தொகுத்து ஓர் இயந்திரத்துக்குக் கற்பித்திருந்தால் அது என்ன கற்றிருக்கும்? அரைக் காசுக்கு ஏழையைச் சிறையிலிடுவதே முறை என்று கற்றிருக்கும். கணக்கில் பிழையே இராது.

பிழையில்லாத கணக்கை நான் ஆலையில் கண்டிருக்கிறேன். துணியில் பழுது இருந்தால் கெஜக் கணக்கில் தறிக்காரன் கூலியில் பிடித்தம். குமாஸ்தா காலணாக்கூடத் தவறமாட்டார். பாவுக்குக் கஞ்சி சரியாகப் போடாததால் நூல் அறுந்ததென்பதை எழுத அவருடைய ஏட்டில் பத்தி இல்லை.

பத்தி இருந்தாலும் ஆபத்து உண்டு. மலேசியக் கருவியில் இனம் என்ற குறிப்பை நீக்கினார்கள். நம் நாட்டில் 2024 அக்டோபர் 3-ஆம் நாள், சிறைப் பதிவேடுகளிலுள்ள சாதிப் பத்தியை அகற்றுமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இரண்டும் நற்செயல்களே. ஆனால் பத்தியை அழித்தால் சாதி அழியுமா? தெருவின் பெயர் அதனைச் சொல்லும், தொழில் சொல்லும், படிப்பை நிறுத்திய வகுப்பு சொல்லும். பிறப்பையே குற்றமாக்கிய கைரேகைச் சட்டம் 1952-இல் நாடெங்கும் ஒழிந்தது. அதற்கு முன் எழுதிய காவல் ஏடுகளின் பழக்கம் பேரப்பிள்ளைகள் காலம் வரை தொடர்ந்ததை அறியாதார் யார்? "முற்குற்றப் பதிவு" என்ற சொல்லைக் கேட்கும்போது, பதிந்தவன் யார் என்றும் நாம் கேட்டாக வேண்டும்.

நீதிபதி தள்ளிவிடலாமே என்பர். இதனை எழுதும் மேல்கோட்டையிலேயே அதற்கு விடை உண்டு. இவ்வூர்க் கோயிலில், தீண்டாதார் எனப்பட்டோரை இராமானுசர் திருக்குலத்தார் என்று அழைத்து, ஆண்டில் மூன்று நாள் உட்புக உரிமை தந்தார் என்பது மரபு. அக்காலத்தில் அது பெருங்கொடை. பின்வந்த நூற்றாண்டுகளிலோ, மூன்று நாள் என்பது மூன்றே நாள் என்றாயிற்று. கொடுத்தவர் அதற்குமேல் கூடாதென்று சொன்னாரோ இல்லையோ, நான்காம் நாள் வந்தவன் வாயிலுக்கு வெளியே நின்றான். சுதந்திரத்துக்குப் பின் சட்டம் வந்துதான் கதவு திறந்தது. கருவி சொல்லும் எண்ணும் அவ்வாறே இறுகும். எண்ணைப் பின்பற்றிய நீதிபதியை ஒருவரும் கேள்வி கேட்கார். மீறியவரோ ஏன் மீறினீர் என்று மேல்மன்றத்துக்கு விடை சொல்ல வேண்டும். கட்டுகள் மலைபோல் குவிந்த மேசையில் எது நிகழும் என்பது வெளிப்படை.

2016-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், தம்மை அபாயமானவர் என்று மதிப்பிட்ட மென்பொருள் எப்படிக் கணக்கிட்டது என அறிய வேண்டும் என ஒருவர் வழக்காடினார். அதன் சூத்திரம் நிறுவனத்தின் வணிக இரகசியம். எச்சரிக்கையோடு பயன்படுத்தலாம் என்று கூறி அம்மாநில உச்ச நீதிமன்றம் அவருடைய ஆறாண்டுச் சிறையை உறுதி செய்தது. கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் வெளியிட்ட கொள்கை எனக்கு உடன்பாடானது: முடிவுக்கோ தீர்ப்புக்கோ வருவதற்குச் செயற்கை அறிவைக் கீழ்நீதிமன்றங்கள் பயன்படுத்தலாகாது.

நம் சட்டத்தில் அசோகரின் காது இன்னும் அடைபடவில்லை. அமர்வு நீதிமன்றம் ஒருவனைக் குற்றவாளி என்று தீர்மானித்த பின், தண்டனையைப் பற்றி அவனைத் தனியே கேட்க வேண்டும். 1976-லேயே உச்ச நீதிமன்றம் இதனை வலியுறுத்தியது. பல வழக்குகளில் அது இரண்டு நிமிடச் சடங்காக முடிகிறது. "வயதான தாய் இருக்கிறாள், கருணை காட்டுங்கள்" என்பதோடு சரி. நம் குடும்பங்களில் எவருக்கேனும் அந்நாள் வருமாயின், அவன் எந்த வகுப்பில் ஏன் படிப்பை நிறுத்தினான், எவ்வளவு கூலிக்கு எத்தனை பேரைக் காத்தான், என்ன நோய், யார் சாட்சி என்பவற்றை முன்னதாகவே எழுதி வழக்கறிஞரிடம் சேர்த்துவிடுக. காவலில் இருப்பவர் எவருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழக்கறிஞரை இலவசமாக அமர்த்தித் தரும். விண்ணப்பத்தைச் சிறையிலிருந்தே அனுப்பலாம்.