தாமதமும் ஒரு தீர்ப்புதான்

மக்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவர்கள் வாழும் தெருவில் ரயில் தூணை நட்டால் அதை அநீதி என்கிறோம். கேட்டுக்கொண்டே இருந்து, தூணை நடாமலே ஒரு தலைமுறையைக் கடத்தினால் அதை என்னவென்று சொல்வது? தாமதம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். மழையையும் வெயிலையும் போல, யாருடைய செயலும் அல்லாத ஒன்றாக அதை ஏற்றுக்கொள்கிறோம். அறத்தின் பார்வையில் இது பிழை என்பதே என் வாதம். மக்களின் குரலைக் கேட்பது ஆள்வோரின் கடமை. கேட்டதை எடைபோட்டு உரிய காலத்தில் முடிவெடுப்பது அதே கடமையின் மறுபாதி. முதல் பாதியை மட்டும் நிறைவேற்றிவிட்டு மக்களாட்சியைக் காத்துவிட்டோம் என்று சொல்லிக்கொள்ள எந்த நிர்வாகத்துக்கும் உரிமை கிடையாது.

இந்தக் கேள்வி புதியதல்ல. திருக்குறளின் பொருட்பாலில் ‘தெரிந்து செயல்வகை’ என்ற அதிகாரம் முழுவதும் ஆராய்ந்து இறங்கு என்றே வலியுறுத்துகிறது. ஆனால் அங்கேயே, செய்யத்தகாததைச் செய்வதால் வரும் கேட்டையும் செய்யவேண்டியதைச் செய்யாமல் விடுவதால் வரும் கேட்டையும் வள்ளுவர் ஒரே குறளில் அருகருகே நிறுத்துகிறார். ‘வினைசெயல்வகை’ இன்னும் நேரடியாகத் தொடங்குகிறது: ஆலோசனைக்கு முடிவு துணிவு, அந்தத் துணிவு தாமதத்தில் தங்கிவிடுவது தீமை. அதையடுத்த குறள், நிதானமாகச் செய்யவேண்டிய வேலைகளையும் நிதானிக்கவே கூடாத வேலைகளையும் பிரித்துப் பார்க்கச் சொல்கிறது. மூன்று கருத்துகள் இவற்றிலிருந்து தெளிவாகின்றன. செய்யாமல் விடுவதும் ஒரு செயல். ஆலோசனைக்கு ஓர் எல்லை உண்டு. எல்லா வேலைக்கும் ஒரே வேகம் பொருந்தாது. அரசனுக்கும் அமைச்சருக்கும் சொன்ன இந்த நெறி, ஆலோசனை சொல்பவர்கள் குடிமக்கள் அனைவருமாகிவிட்ட இக்காலத்தில் இன்னும் கூடுதலாகவே பொருந்தும்.

சென்னையின் பறக்கும் ரயிலை எடுத்துக்கொள்வோம். எண்பதுகளில் ஒப்புதல் பெற்ற திட்டம் அது. கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ரயில் ஓடியது 1995-இல். மயிலாப்பூரை எட்டியது 1997-இல். வேளச்சேரிக்கு வந்தது 2007-இல். அங்கிருந்து பரங்கிமலைக்கு மிச்சம் சுமார் 5 கிலோமீட்டர்தான். 2008-இல் தொடங்கிய அந்த இணைப்பு, பெரும்பகுதி கட்டி முடிந்த பிறகும், ஆதம்பாக்கம் பகுதியில் ஏறத்தாழ 500 மீட்டர் நிலத்துக்கான இழப்பீட்டு வழக்குகளில் சிக்கிப் பத்தாண்டுகளுக்கு மேல் இழுத்தது. பரங்கிமலையில் ஏற்கெனவே தாம்பரம் மார்க்கப் புறநகர் ரயில் ஓடுகிறது; மெட்ரோ ரயிலும் 2016-இல் வந்து சேர்ந்துவிட்டது. மூன்று தடங்களும் சந்திக்கவேண்டிய இடத்தில் ஒன்று மட்டும் பல ஆண்டுகள் வந்து சேராமலே இருந்தது. தங்கள் வீட்டுக்கும் மனைக்கும் நியாயமான விலை கேட்ட உரிமையாளர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அது அவர்களின் உரிமை. ஆனால் அந்த ஆண்டுகளின் விலையைக் கொடுத்தவர்கள் யார்? புறநகரிலிருந்து தரமணிக்கும் திருவான்மியூருக்கும் வேலைக்குப் போக, ஷேர் ஆட்டோவுக்கும் நெரிசல் பேருந்துக்கும் தினமும் பணத்தையும் நேரத்தையும் செலவழித்த ஆயிரக்கணக்கானோர். வழக்கின் எந்தப் பக்கத்திலும் அவர்கள் பெயர் இல்லை.

அறச்சிக்கலின் மையம் இந்த இல்லாமைதான். ஒரு திட்டத்தால் இழப்பவர் குறிப்பிட்ட தெருவில், குறிப்பிட்ட கதவு எண்ணில் இருக்கிறார். இழப்பு அவருக்குக் கண்ணெதிரே தெரிகிறது. கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு அவர் வந்துவிடுவார், வரவும் வேண்டும். பயன்பெறப்போகிறவர் நகரமெங்கும் சிதறிக் கிடக்கிறார். நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்துவிட்டு இரண்டு பேருந்து மாறி வீடு திரும்பும் பெண்ணுக்கு, வேலை நாளில் காலை பதினொரு மணிக்கு நடக்கும் கூட்டத்தில் போய் உட்கார முடியாது. பத்தாண்டு கழித்து அந்த ரயிலில் கல்லூரிக்குப் போகப்போகிறவர் இன்று குழந்தை. எனவே கூட்டத்தில் எழுந்த குரல்களை மட்டும் எண்ணி, எதிர்ப்பு அதிகம் என்று கோப்பை மூடிவைப்பது நடுநிலை ஆகாது. முடிவெடுக்காத ஒவ்வோர் ஆண்டும், இன்றைய நிலை அப்படியே நீடிக்கட்டும் என்று எடுத்த முடிவுதான். சொந்த வாகனம் உள்ளவர் அதில் ஓரளவு சமாளித்துக்கொள்கிறார். இல்லாதவர் தன் வாழ்நாளிலிருந்து நேரத்தைப் பிய்த்துக் கொடுக்கிறார். பணத்தைத் திருப்பித் தரலாம், நிலத்துக்கு மாற்று நிலம் தரலாம். பேருந்து நிறுத்தத்தில் கழிந்த ஆண்டுகளுக்கு இழப்பீடு தரும் சட்டம் எங்கும் இல்லை.

இதற்கு முதல் மறுப்பு வலுவானது. அவசரத்தின் பெயரால் எளியவர்களை மிதித்த கதைகள் நம்மிடம் ஏராளமாக இருக்கும்போது, வேகத்துக்கு வக்காலத்து வாங்குவது ஆபத்தில்லையா? ஆபத்துதான். அதே பறக்கும் ரயிலுக்காகப் பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே தூண்களை நட்டு, வெள்ளநீர் போகவேண்டிய வழியைக் குறுக்கினோம். அண்மைக் காலத்திலும் ஒரு சான்று உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்த பிறகும், சக்கர நாற்காலியோடு ஏறமுடியாத உயரத் தளப் பேருந்துகளைச் சென்னைக்கு வாங்க முயன்றபோது, அவர்கள் தரப்பு உயர் நீதிமன்றத்தை நாடியது. கொள்முதல் தடைபட்டது. தாழ்தளப் பேருந்துகள் மீண்டும் சாலைக்கு வந்தது 2024 ஆகஸ்டில்தான். சக்கர நாற்காலியில் வருபவர் எப்படி ஏறுவார் என்று தொடக்கத்திலேயே அவரிடம் கேட்டிருந்தால் அந்தத் தாமதத்தைத் தவிர்த்திருக்கலாம். ஆகவே இந்தச் சான்று கேட்பதற்கு எதிராகப் பேசவில்லை. முன்னதாகவும் முழுமையாகவும் கேட்கவேண்டும் என்றுதான் சொல்கிறது. வரைபடம் முடிந்து, ஒப்பந்தப்புள்ளியும் திறந்த பிறகு கூட்டும் கூட்டம் மக்களை அவமதிக்கிறது, வேலையையும் கெடுக்கிறது.

இரண்டாவது மறுப்பு: தாமதத்துக்கு மக்களா காரணம்? அலுவலகங்கள்தானே? இதிலும் உண்மை இருக்கிறது. பேருந்து, ரயில், மெட்ரோ அனைத்தையும் ஒருங்கிணைக்கவேண்டிய சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் 2010-இல் நிறைவேறியது. அதன் முதல் கூட்டம் நடந்தது 2022-இல். நடுவில் கழிந்த ஆண்டுகளுக்குக் காரணம் எந்தத் தெருவாசியின் எதிர்ப்பும் அல்ல. மெட்ரோவின் 118.9 கிலோமீட்டர் இரண்டாம் கட்டத்துக்கு 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது 2024 அக்டோபரில். அதுவும் அரசுகளுக்கு இடையே கழிந்த காலம். இந்தச் சான்றுகள் என் வாதத்தைத் தளர்த்தவில்லை, இறுக்குகின்றன. பொதுமக்கள் ஆட்சேபம் தெரிவிக்க முப்பது நாள், அறுபது நாள் என்று கெடு விதிக்கத் தெரிந்த அரசு, தன் மேசையில் கிடக்கும் கோப்புக்கும் கெடு விதித்துக்கொள்ளவேண்டும். குடிமகனின் காலத்துக்கு எல்லை வைத்துவிட்டுத் தன் காலத்தை எல்லையற்றதாக வைத்துக்கொள்ளும் அதிகாரம், கேட்பதைக் கேடயமாக்கிக்கொள்கிறது.

மூன்றாவது மறுப்பு அறிவார்ந்தது. கான்கிரீட்டில் செய்த பிழையைத் திருத்த முடியாது, ஆகவே எவ்வளவு தாமதமானாலும் யோசித்தே செய்யவேண்டும் என்கிறது அது. சுரங்கப்பாதைக்கும் உயர்மட்டப் பாலத்துக்கும் இது சரி. ஆனால் நகரப் போக்குவரத்தின் பல மேம்பாடுகள் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. பேருந்துக்கெனச் சாலையில் தனித்தடம் ஒதுக்க வண்ணக்கோடு போதும், தவறென்றால் அழித்துவிடலாம். 2021 மே 7 அன்று பதவியேற்ற நாளிலேயே தமிழக அரசு சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணத்தை ஆணையிட்டது. மறுநாளே அது நடைமுறைக்கு வந்தது. மாற்றிக்கொள்ளக்கூடிய முடிவை உடனே எடுக்கலாம் என்பதற்கு அது அத்தாட்சி. இந்த வேறுபாட்டைப் பார்க்கத் தவறிய நகரம் சான் பிரான்சிஸ்கோ. சுற்றுச்சூழலைக் காக்க 1970-இல் கலிபோர்னியா இயற்றிய சட்டத்தைக் காட்டி, அங்கே மிதிவண்டித் தடங்களை அமைக்கும் திட்டத்துக்கே ஒரு வழக்கில் தடை வாங்கினார்கள். 2006 முதல் 2010 வரை அந்தத் தடை நீடித்தது. காற்றைக் காக்க எழுதிய சட்டம் புகைவிடாத வண்டியை நிறுத்திவைத்தது. கடைசியில் 2020-இல், பேருந்துத் தடம், மிதிவண்டித் தடம் போன்ற பணிகளுக்கு அந்த மாநிலம் விதிவிலக்குச் சட்டம் இயற்றவேண்டியதாயிற்று. திருத்தக்கூடிய வேலையைத் திருத்தமுடியாத வேலையைப் போல நடத்தினால், நல்ல சட்டமும் தீங்கு செய்யும்.

எனவே நேர்மையான கருத்துக்கேட்புக்கு நான்கு அடையாளங்கள் வேண்டும். தொடங்கும்போதே முடியும் தேதியும், முடிவு அறிவிக்கும் தேதியும் தெரிந்திருக்கவேண்டும். கூட்டத்துக்கு வரமுடியாதவரை நிறுத்தத்திலும் பெட்டிக்குள்ளும் தேடிப்போய்க் கேட்கவேண்டும். ஏற்காத கருத்துக்கு ஏன் ஏற்கவில்லை என்று எழுத்தில் பதில் தரவேண்டும். நிலம் இழப்பவருக்கு வழக்குப் போட்டபின் கொடுக்கும் தொகையை முதலிலேயே மனம் நிறையக் கொடுத்துவிடவேண்டும். பல ஆண்டுத் தாமதத்தில் ஏறும் கட்டுமானச் செலவை எண்ணினால் அதுவே சிக்கனம். தங்கள் பகுதிக்கு ஒரு திட்டம் வரும்போது கூட்டத்துக்குப் போகும் வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் ஆட்சேபத்தைத் தயங்காமல் சொல்லுங்கள். சொல்லி முடித்தபின், எப்போது முடிவெடுப்பீர்கள், அதுவரை காத்திருக்கப்போவது யார் என்று அதிகாரிகளைக் கேளுங்கள். அந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லாத அரசு மக்களைக் கேட்டதாக ஆகாது.