பெயர் மறைத்த புட்டி



சென்ற ஞாயிறு கானாவூர்க் கலியாணத்தைப் பற்றிய சுவிசேஷத்தை வாசித்தோம். பிரசங்கத்தில் பாதி சொல்லுமுன்னே நேரமாகிவிட்டது. பின் வரிசையில் கைக்குழந்தைகளும் அழ ஆரம்பித்துவிட்டன. மீதியை இவ்வார இதழில் எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அதற்கு முன் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது. அது நான் மதுபானம் வாங்கின கதை. யாரும் இடறல்பட வேண்டாம். முழுவதும் வாசித்த பிறகு என்னைத் திட்டலாம்.

சில வருடங்களுக்கு முன் நம் மேற்றிராணியார் என்னை இங்கிலாந்து தேசத்தில் ஒரு கிராமப் பங்குக்கு அனுப்பியிருந்தார். எழுபது வயது கடந்த பெரிய சுவாமியார் ஒருவருக்கு நான் துணைக் குரு. அவ்விடத்தில் விருந்தாளி வந்தால் சாப்பாட்டு மேசையில் திராட்சை இரசம் வைப்பார்கள். குருக்கள் வீட்டிலும் வைப்பார்கள். யாரும் அதைத் தப்பாக நினைப்பதில்லை.

கிறிஸ்துமசுக்கு மூன்று வாரம் இருக்கும்போது தபாலில் ஒரு விளம்பரத் தாள் வந்தது. பன்னிரண்டு புட்டி சிவப்பு ஒயின், பல தேசத்துச் சரக்கு கலந்து, ஒரே பெட்டியில். பழைய விலையைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் ஏறக்குறைய பாதி விலை போட்டிருந்தார்கள். அதற்கும் மேலே ஒரு தூண்டில்: பன்னிரண்டில் பதினொன்றின் பெயர் அச்சிட்டிருந்தது, பன்னிரண்டாவதற்குப் பெயர் இல்லை. அது மர்மப் புட்டியாம். வாங்கிப் பார்த்தால்தான் தெரியுமாம்.

எங்களுக்குப் பண்டிகைக்கு வேண்டியது இரண்டு புட்டி. நான் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். இரண்டைக் கடையில் தனியாக வாங்கினால் இன்ன விலை, பன்னிரண்டை மொத்தமாக வாங்கினால் ஒன்றுக்கு இன்ன விலை, ஆகையால் வாங்காமல் விட்டால் நமக்கு நஷ்டம் என்று முடிவு கட்டினேன். ஆடி மாதத் துணிக்கடைக் கூட்டத்தைப் பற்றி இந்தப் பீடத்தில் நின்று எத்தனை முறை உங்களைக் கடிந்துகொண்டிருக்கிறேன்! அதே நான்தான்.

வியாபாரியைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஒவ்வொரு சரக்கிலும் கடைசியில் சில புட்டிகள் தங்கிவிடும். அவற்றைத் தனித்தனியாக விற்பது சிரமம். வேறு சிலவற்றுக்கு ஒட்டுச்சீட்டு கறைபட்டிருக்கும், கிழிந்திருக்கும். நன்றாய் விலைபோகிற சரக்கோடு இவற்றைக் கலந்து பெட்டி கட்டினால் கிடங்கு காலியாகும், வாங்குகிறவனுக்கும் மலிவு. தாம் அதிகம் விளைவித்துவிட்டது வெளியே தெரியக் கூடாதென்று தோட்டக்காரர்களே பெயர் போடாமல் விற்பதும் உண்டு. ஆஸ்திரேலியா தேசத்தில் அப்படிப்பட்ட புட்டிகளுக்குத் தனிப் பெயரே இருக்கிறது. ஆகவே மர்மப் புட்டி உயர்ந்த சரக்காகவும் இருக்கலாம், தள்ளுபடிச் சரக்காகவும் இருக்கலாம். ஒன்று மட்டும் கவனியுங்கள். இங்கிலாந்தில் ஒயினுக்கு வாங்கும் ஆயத்தீர்வை விலையைப் பார்த்துப் போடுவதல்ல, அளவையும் வீரியத்தையும் பார்த்துப் போடுவது. எனவே மலிவுப் புட்டியில் தீர்வையும், கண்ணாடியும், கப்பல் கூலியும் போக, உள்ளே இருக்கிற இரசத்துக்கென்று மிஞ்சுகிற காசு சொற்பம்.

பெட்டி வந்தது. ஒவ்வொரு புட்டியிலும் 750 மில்லி. ஆக 9 லிட்டர். எசுப்பானியாவின் ரியோகா சீமைச் சரக்கு, இத்தாலியாவின் கியாந்தி, அர்ஜென்டீனாவின் மெந்தோசாவில் விளைகிற மால்பெக், ஆஸ்திரேலியாவின் ஷிராஸ் என்று பூகோள பாடம்போல் வரிசையாய் நின்றன. கறுப்புத் திராட்சையிலும் சாறு பெரும்பாலும் நிறமற்றதுதான். தோலோடு சேர்த்து ஊறவிடுவதால்தான் சிவப்பு ஏறுகிறது. (பூசைக்குச் சிவப்பு இரசந்தான் வேண்டுமா என்று மறைக்கல்விப் பிள்ளைகள் கேட்பதுண்டு. வேண்டியதில்லை. பீடத் துணியில் கறைபடாதபடி வெள்ளை இரசத்தை உபயோகிக்கிற கோவில்கள் அநேகம்.) பன்னிரண்டாவது புட்டி கறுப்புக் காகிதம் சுற்றி மூலையில் இருந்தது.

பெரிய சுவாமியார் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "நம் வீட்டில் எத்தனை பேர்?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வி எனக்குப் பிறகுதான் உறைத்தது. ஒருவர் வாரத்துக்கு 14 அலகு மதுசாரத்துக்கு மேல் அருந்தாமலிருப்பதே நலம் என்று அந்நாட்டு அரசாங்க வைத்தியர்கள் 2016-ம் வருடம் அறிவித்திருக்கிறார்கள். சாதாரண வீரியமுள்ள ஒரு புட்டியில் ஏறக்குறைய 10 அலகு இருக்கும். பெட்டியில் 120. நானோ மாதத்தில் இரண்டு தடவை அரைக் கோப்பை குடிக்கிறவன். வீட்டில் பெட்டி இருந்ததினால், குளிருக்கு நல்லது என்றும், திறந்ததை வீணாக்கக் கூடாது என்றும் சொல்லிக்கொண்டு, ஒவ்வொரு இரவும் சாப்பாட்டோடு ஒரு கோப்பை என்று ஆகிவிட்டது. விருந்தாளிகளுக்கும் தாராளமாய் ஊற்றினோம். ஜனவரி கடைசியில் பதினொன்றும் தீர்ந்துபோயின. மலிவாய்க் கிடைத்தது என்பதைத் தவிர அவ்வளவு குடிப்பதற்கு வேறு முகாந்தரம் ஒன்றுமில்லை. பாவசங்கீர்த்தனத்திலும் இதைச் சொன்னேன். உங்களிடம் சொல்ல வெட்கமாயில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு சனிக்கிழமை பனி கொட்டியது. வழிகள் அடைபட்டன, கிராமத்துக் கடையும் சாத்திவிட்டார்கள். இரவு எட்டு மணிக்குப் பூசை உடுப்பு அறையில் மறுநாளைக்கு வேண்டியதை எடுத்துவைக்கப் போனால், பூசை இரசம் ஒரு சொட்டு இல்லை. வரவேண்டிய பார்சல் பனியில் எங்கேயோ நின்றுவிட்டது. வீட்டிலிருந்தது கறுப்புக் காகிதம் சுற்றின அந்த ஒரே புட்டி.

காகிதத்தைக் கிழித்தேன். உள்ளே தோட்டக்காரர் பெயரில்லை, திராட்சையின் இனமில்லை, வருடமில்லை. சட்டத்துக்கு வேண்டிய சிறிய எழுத்துக்கள் மட்டும்: சிவப்பு ஒயின், இவ்வளவு அளவு, இவ்வளவு வீரியம், இன்ன தேசம். பெரிய சுவாமியாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். எப்படியும் திராட்சை இரசந்தானே, ஞாயிற்றுக்கிழமைப் பூசையை நிறுத்தலாமா என்றேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நமக்கு ஊற்றிக்கொள்ளலாம். பீடத்துக்கு ஆகாது" என்றார்.

அவர் சொன்னது கிழவரின் பிடிவாதமல்ல. பூசை இரசம் திராட்சைப் பழத்திலிருந்து வந்த இயற்கையான இரசமாயிருக்க வேண்டும், கெட்டுப்போகாததாயிருக்க வேண்டும் என்று 1983-ம் வருடத்துத் திருச்சபைச் சட்டம் 924-ம் இலக்கத்தில் விதிக்கிறது. புளித்துக் காடியாய்ப் போனது உதவாது. வேறு பழத்தின் இரசமும் உதவாது. 2004-ம் வருடம் ரோமையிலுள்ள தேவ வழிபாட்டுச் சபை இன்னும் ஒரு படி மேலே போய், உண்மையானதுதானா என்றும் எங்கிருந்து வந்தது என்றும் சந்தேகத்துக்கிடமான இரசத்தை உபயோகிப்பதை முழுவதுமாய்த் தடை செய்தது. தேவதிரவிய அனுமானம் செல்லுபடியாவதற்கு வேண்டியவற்றில் திருச்சபை நிச்சயத்தைக் கேட்கிறதே ஒழிய, இருக்கலாம் என்கிற எண்ணத்தைக் கேட்கிறதில்லை. அப்பமும் இரசமும் இப்போது பெரிய கடைகளிலும் இணையத்திலும் விற்கப்படுவதால், அவற்றின் தகுதியை மேற்றிராணிமார் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டுமென்று அதே சபை 2017 ஜூன் மாதம் 15-ந் தேதி மறுபடியும் நிருபம் எழுதிற்று.

பெரிய சுவாமியார் அடுத்த பங்குக்குப் போன் செய்தார். அதிகாலை ஆறு மணிக்கு முழங்கால் உயர மழைச் சப்பாத்து மாட்டிக்கொண்டு நான் புறப்பட்டேன். போக மூன்று மைல், வர மூன்று மைல். வழுக்கி இரண்டு முறை விழுந்தேன், புட்டியை விடவில்லை. பதினொரு மணிப் பூசைக்கு ஒன்பது பேர் வந்திருந்தார்கள்.

அந்த வாரமே ஒரு இரவு மர்மப் புட்டியைத் திறந்தோம். சாதாரணமான நல்ல இரசம். உயர்ந்ததென்று சொல்வதற்கில்லை, குறையுமில்லை. பெரும்பாலும் பூசைக்கும் தகுந்ததாகவே இருந்திருக்கும். அப்படியானால் பனியில் நடந்தது வீணா என்று பெரிய சுவாமியாரைக் கேட்டேன். புட்டிக்குள் இருந்தது நல்லதாயிருக்கலாம், சனிக்கிழமை இரவு அது உனக்குத் தெரியாதே என்றார்.

இனி கானாவூருக்கு வருகிறேன். அங்கே இருந்தது ஆறு கற்சாடிகள். அர்ச். அருளப்பர் சொல்லுகிற பழைய அளவை இன்றைய கணக்கில் பார்த்தால் சுமார் 500 லிட்டருக்குக் குறையாது, 700 லிட்டர் வரையும் போகலாம். நான் பேரம் பேசி வாங்கின 9 லிட்டர் எங்கே, ஆண்டவர் சும்மா கொடுத்தது எங்கே! ஆனால் நான் சென்ற ஞாயிறு சொல்லாமல் விட்டது இதல்ல. பந்தி விசாரணைக்காரன் அந்த இரசத்தை ருசிபார்த்தபோது, அது எங்கிருந்து வந்ததென்று அவனுக்குத் தெரியாது. தண்ணீர் மொண்டு ஊற்றின பணிவிடைக்காரருக்குத் தெரியும். இதைச் சுவிசேஷகர் வேலைமெனக்கெட்டு எழுதிவைத்திருக்கிறார். மேலிடத்தில் இருந்தவனுக்கு ருசி மட்டும் தெரிந்தது. உண்மையோ கீழே நின்றவர்களிடத்தில் இருந்தது.

பிரியமானவர்களே, நம்முடைய கலியாணங்களிலும் அப்படியே இருக்கிறது. இங்கேதான் எனக்கு மனது பாரம்.

குருப்பட்டம் பெற்ற மூன்றாம் வருடம், வேறொரு பங்கில், ஒரு பெண்ணுக்கு மெய்விவாகம் ஆசீர்வதித்தேன். மாப்பிள்ளை வெளியூர். ஞானஸ்நான அத்தாட்சி முத்திரையோடு வந்தது. அவன் பங்கில் மூன்று ஓலையும் வாசித்தாயிற்று, தடை ஒன்றுமில்லை என்ற கடிதமும் வந்தது. விசாரணைத் தாளில் உள்ள கேள்விகளை நான் கேட்டேன், அவன் பதில் சொன்னான், எழுதிக்கொண்டேன். கால் மணி நேரமும் ஆகியிராது. அன்று வேறு இரண்டு ஜோடிகள் காத்திருந்தார்கள். ஐந்தாம் மாதம் அந்தப் பெண் நாலு மாதக் கர்ப்பத்தோடு, கன்னத்தில் காயத்தோடு வந்தாள். அவன் விடிந்தால் குடி. இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்து வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். பெற்றோர் மறைத்தார்கள், கலியாணம் ஆனால் திருந்திவிடுவான் என்று நம்பினார்களாம். அந்தப் பெண் என்னைக் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "சாமி, அந்த ஊரிலே எல்லாருக்கும் தெரியுமாமே. எங்களுக்கு மட்டும் ஏன் ஒருத்தரும் சொல்லல?"

பீடத்து இரசத்துக்காக ஆறு மைல் பனியில் நடந்த நான், அவளுக்காக அந்த மாப்பிள்ளையின் ஊருக்கு இருபது மைல் பஸ்ஸில் போகவில்லை.

சட்டம் என்ன சொல்லுகிறதென்று அறிந்துகொள்ளுங்கள். கலியாணத்துக்குத் தடையான ஒன்றை அறிந்த எந்த விசுவாசியும், அது நடக்குமுன் பங்குச் சுவாமியாரிடமோ மேற்றிராணியாரிடமோ அறிவிக்கக் கடமைப்பட்டவர்; இது 1069-ம் இலக்கம். முந்தின மனைவி உயிரோடிருப்பது, கிட்டின இரத்த உறவு முதலியவை தடைகள். குடியும் கடனும் அந்த வகைத் தடைகள் அல்ல. ஆனால் இல்லற வாழ்வையே குலைக்கக்கூடிய ஒரு தன்மையை, சம்மதம் வாங்குவதற்கென்றே வஞ்சகமாய் மறைத்திருந்தால், அந்த விவாகமே செல்லாது என்று 1098-ம் இலக்கம் சொல்லுகிறது. 1917-ம் வருடத்துப் பழைய சட்டத்தில் இது இல்லை. எந்த விவாகம் அப்படிப்பட்டது என்று தீர்ப்புச் சொல்வது மேற்றிராசனத்து நீதிமன்றத்தின் வேலை. நாமாகத் தீர்மானிக்கக் கூடாது. தீர்ப்புக் கிடைத்தாலும் அந்தப் பெண்ணின் ஐந்து மாதம் திரும்பி வருமா?

நோயை மறைக்கிறார்கள். கடனை மறைக்கிறார்கள். பெண்ணுக்கு இஷ்டமில்லை என்பதையே மறைக்கிறார்கள். நல்ல வேலை, சொந்த வீடு, வெளிநாட்டுச் சம்பளம் என்ற பதினொன்றைப் பெயரோடு வரிசையாய் அடுக்கிவிட்டு, பன்னிரண்டாவதைக் கறுப்புக் காகிதத்தில் சுற்றி மூலையில் வைக்கிறார்கள். தண்ணீர் மொண்டவர்களோ, நமக்கேன் வம்பு என்று பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். புறணி பேசச் சொல்லவில்லை; கலியாணத்தைக் கெடுக்க மொட்டைக் கடிதாசி எழுதுகிறவர்களுக்கு என்னிடம் இடமில்லை, அவற்றைக் கிழித்து அடுப்பில் போடுகிறேன். கண்ணால் கண்டதை, தன் பேரைச் சொல்லி, சொல்லவேண்டியவரிடம் மட்டும் சொல்லுகிறவர்களைப் பற்றிப் பேசுகிறேன்.

வருகிற ஞாயிறு இரண்டு ஓலைகள் முதல் முறையாக வாசிக்கப்படும். பெயர்கள் கோவில் வாசல் பலகையிலும் ஒட்டப்படும். மாலை ஆறு மணிக்குமேல் நான் பங்களாவில்தான் இருப்பேன். கோவில்பிள்ளையிடம் சொல்லத் தேவையில்லை, நேரே வரலாம். ஒரு மாப்பிள்ளை வெளியூர். அந்தப் பங்குச் சுவாமியாரையும் மாப்பிள்ளை வீட்டாரையும் நேரில் பார்த்துவர வியாழக்கிழமை போகிறேன். ஆகையால் அன்று காலைப் பூசை ஆறு மணிக்குப் பதிலாக ஐந்து மணிக்கு.

உங்கள் பங்குச் சுவாமி