சொல்லத் தகுதியுடையவர் யார்?

மரணம் நெருங்கிவிட்டது என்று அறிந்த மருத்துவர், அதை நோயாளியிடம் கூறலாமா? கூறாமல் மறைப்பது கருணையா, வஞ்சனையா?

தாராசங்கர் பந்த்யோபாத்யாய 1953-இல் வங்கமொழியில் எழுதி, 1956-இல் சாகித்ய அகாதமி விருது பெற்ற நாவல் 'ஆரோக்கிய நிகேதனம்'. த.நா. குமாரசாமியின் மொழிபெயர்ப்பால் தமிழிலும் அது புகழ்பெற்றது. வாசகர்கள் கூடி அந்நூலை ஆராயும்போது, முதலில் எழும் கேள்வி இதுவே.

கதையின் நாயகர் ஜீவன் மஷாய் என்னும் முதிய வைத்தியர். நாடியைத் தொட்டே மரணத்தின் வருகையை உணர்பவர். உணர்ந்ததைச் சொல்லி, நோயாளியை இறுதிப் பயணத்திற்கு ஆயத்தப்படுத்துவார். அவ்வூருக்கு வந்த இளம் டாக்டர் பிரத்யோத் இதைக் கொடுமை என்று வெகுண்டெழுகிறார்.

கூட்டத்தினரும் இரு அணியாகப் பிரிவது இயல்பு. இளைஞரின் சினத்தில் நியாயம் உண்டு. நாடியறிவு அனுமானமே, புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பது போன்றது. அனுமானம் பிழைபடலாம். மேலும், முன்பு தீராதவை என்று கைவிடப்பட்ட பல நோய்களைப் பெனிசிலின் போன்ற புதுமருந்துகள் குணப்படுத்தின. முயற்சிக்கு இடமிருக்கும்போது முடிவை உரைப்பது அறமாகாது.

ஆயினும் முதியவர் பக்கமும் உண்மை உண்டு. முயற்சி முடிந்த இடத்தில் பொய்யான நம்பிக்கை, மனிதனின் கடைசி நாட்களைக் களவாடிவிடுகிறது. கடன் தீர்க்கவும், மன்னிப்புக் கேட்கவும், இறைவனை நினைக்கவும் அவனுக்குக் கிடைத்த அவகாசம் அது.

எனில் எது சரி? நாவல் விவாதத்தை மருத்துவரின் இல்லத்திற்கே கொண்டுசெல்கிறது. மஷாய் தம் மகனின் நாடியிலும் மரணத்தைக் காண்கிறார். அதைச் சொல்லியும் விடுகிறார். பெற்ற தாய் அவரை மன்னிக்கவேயில்லை. அறிவு பிழைபடவில்லை, ஆனால் கேட்பவரின் உள்ளம் தாங்குமா என்பதையும் அறிய வேண்டியிருந்தது.

மகாபாரதத்தில் ஒரு கதை உண்டு. பிரம்மதேவர் மரணத்தை ஒரு பெண்ணாகப் படைத்தார். உயிர்களைக் கவரும் தொழிலை ஏற்க மறுத்து அவள் அழுதாள். அக்கண்ணீர்த் துளிகளே நோய்களாயின. மரணமே அழுதுகொண்டு ஏற்ற பணியை, அதன் செய்தியைக் கொண்டுவரும் மனிதன் ஈரமின்றிச் செய்யலாமா?

இறுதியில் மஷாய் தம் மரணத்தையும் அச்சமின்றி உற்றுநோக்கியபடியே எதிர்கொள்கிறார். பிறருக்கு உரைத்ததைத் தாமும் ஏற்றார். அவருடைய சொல்லுக்கு அதுவே சான்று. கடோபநிஷதத்தின் நசிகேதனும் யமனின் வாயிலில் தானே சென்று நின்ற பிறகுதான் கேள்வி கேட்டான்.

ஆகவே, சொல்லலாமா கூடாதா என்பதோடு கேள்வி முடிவதில்லை. சொல்பவர், தாமும் அதே வழியில் செல்பவர் என்பதை உணர்ந்திருக்கிறாரா? சொன்னபின் நோயாளியின் கையை விடாமல் பற்றியிருப்பாரா? இவ்விரண்டும் உள்ளவரின் வாயில் கசப்பான உண்மையும் மருந்தாகும். இல்லாதவரிடம் இனிய பொய்யும் புண்ணாகும்.